சிலேட்டில் ஓட்டிப் பார்த்த கட்டளை

அன்று காலை நானும் என் கணவரும் கடைசியாகச் சேர்ந்து செய்த வேலை, மகளின் சிலேட்டில் ஒரு கொம்பியூட்டர் கட்டளையை ஓட்டிப் பார்த்தது. குசினிப் படியில் இருந்தோம். ஆளுக்கொரு வெறுந்தேத்தண்ணி, கடித்துக் குடிக்க ஒரு பனங்கட்டித் துண்டு. சீனி கண்ணில் படாத காலம். தொண்ணூற்று மூன்றாம் ஆண்டு, யாழ்ப்பாணத்துக் குருநகர்.

சிலேட்டின் தலையில் நாவாந்துறை என்று பெயர் போட்டு, கீழே அவர் மூன்று வரி எழுதினார். ஒவ்வொரு வரியிலும் முதலில் தெருவிலிருந்து பிரிகிற ஒழுங்கையின் பெயர், அடுத்து ஓர் ஆளின் பெயர், கடைசியில் இரத்த வகை. ஒழுங்கைகள் முன்னுக்குப் பின் மாறிக் கிடந்தன.

"இப்ப நான் மெசின். நீர் கட்டளையைச் சொல்லும்."

"சோர்ட் நாவாந்துறை, அம்புக்குறி, நாவாந்துறை," என்றேன்.

சோர்ட் என்றால் அகரவரிசைப்படி அடுக்கு என்று அர்த்தம். அம்புக்குறி என்றால், அடுக்கி வந்ததை அதற்குப் பின்னால் சொல்லும் பெயருள்ள கோவையில், அதாவது ஃபைலில், எழுது என்று அர்த்தம். அவர் மூன்று வரியையும் வாய்க்குள் வாசித்தார். கண்ணை மூடிக்கொண்டார். ஈரத்துணியால் சிலேட்டைத் துடைத்தார். பிறகு மூன்று வரியையும் ஒழுங்கைப்படி வரிசையாக எழுதினார்.

"பாத்தீரே? அதே சிலேட்டு, அதே பேர். புதுசா ஒண்டும் தேவையில்லை."

"அழிச்சாப் பிறகு மெசின் மறந்து போச்செண்டால்?"

"அதுக்கு உம்மைப் போலை மறதியில்லை. அடுப்பிலை பால் வைச்சனீர், ஞாபகம் இருக்கோ?"

எங்கள் வீட்டில் பால் காய்ச்சி எத்தனையோ மாதம். ஆனாலும் நான் திரும்பி அடுப்பைப் பார்த்துவிட்டேன். அவர் தேத்தண்ணி புரைக்கேறும்வரை சிரித்தார். மகள் றோஸ் பள்ளிக்கூடம் போகச் சிலேட்டைக் கேட்டு நின்றாள். அதை மறுபடி துடைத்து அவளிடம் கொடுத்துவிட்டு, சைக்கிள் கரியரில் வெறும் எண்ணெய்க் கானைக் கட்டினார்.

"மண்ணெண்ணெய் கிடைச்சால் பின்னேரம் உண்மையா ஓட்டிப் பாப்பம். நீர் ஒஃபிசுக்கு வாரும்," என்று சொல்லிப் போனார்.

அவர் பெயர் சூசைதாசன். எங்கள் கோயில் பங்கைச் சேர்ந்த ஒரு சின்ன நிவாரணச் சங்கத்தில் எழுதுவினைஞராக இருந்தார். நான் அங்கே தட்டெழுத்து வேலை. மூன்றாவது ஆள் சிமியோன். எஞ்சினும் சைக்கிளும் திருத்துவதோடு, எங்கள் இரண்டு பேரையும் பகிடி பண்ணுவதும் தன் கடமை என்று நினைத்திருந்தான்.

சங்கத்துக்கு வெளிநாட்டிலிருந்து ஒரு கொம்பியூட்டர் வந்திருந்தது. அதில் ஓடியது யூனிக்ஸ் வகையைச் சேர்ந்த ஒரு சின்ன அமைப்பு. கறுப்புத் திரையில் எழுத்து மட்டும்தான். ஒரு சொல்லைத் தட்டினால் மெசின் ஒரு வேலை செய்யும். அதைக் கொண்டுவந்து பூட்டியவர் ஆரம்பப் பாடங்களின் போட்டோக்கொப்பித் தாள்கள் கொஞ்சத்தைத் தந்துவிட்டு, சில நாட்களில் கிளாலிக் கடலேரி கடந்து கொழும்புக்குப் போய்விட்டார். மிச்சத்தை நாங்களே படித்துக்கொள்ள வேண்டியிருந்தது.

மின்சாரம் குடாநாட்டில் எப்போதோ நின்றுவிட்டது. தோட்டத்துக்குத் தண்ணீர் இறைக்கிற எஞ்சினில் ஒரு டைனமோவைப் பூட்டி வைத்திருந்தான் சிமியோன். காபரேட்டருக்குள் சில துளி பெற்றோல் விட்டு இழுத்து, எஞ்சின் பிடித்ததும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவான். மண்ணெண்ணெய் கிடைக்கிற நாளில்தான் மெசின் ஓடும். கிடைக்காத நாளெல்லாம் மெசினுக்கு மேலே ஒரு படுக்கை விரிப்பு. ஆகவே நாங்கள் பெரும்பாலும் மெசின் இல்லாமலே படித்தோம். ஒருவர் மெசின், மற்றவர் கட்டளை சொல்கிறவர். தாள் தட்டுப்பாடு என்பதால் றோஸின் சிலேட்டு.

ஷெல் என்றால் என்ன என்று அந்தத் தாள்களில் எழுதியிருந்தது எனக்கு முதலில் விளங்கவில்லை. அவர்தான் கடற்கரைக்குக் கையைக் காட்டினார்.

"அங்கை மீன் ஏலம் கூறுறவர் நிக்கிறார். வள்ளக்காரனுக்கு வாங்கிற ஆளைத் தெரியாது. வாங்கிற ஆளுக்கு வள்ளக்காரனைத் தெரியாது. ரண்டு பக்கத்துக் கதையையும் அவர்தான் வாங்கிக் குடுக்கிறார். ஷெல் அவர்தான்."

"அப்ப ஸ்கிரிப்ட்?"

"அவருக்கு ஒவ்வொண்டாச் சொல்லிக்கொண்டு நிக்காமல், முழுக்க எழுதிக் கையிலை குடுத்திட்டு வீட்டை வந்து படுக்கிறது."

"அண்ணைக்கு அந்தப் படுக்கிற பாடம் மட்டும் நல்லா ஏறியிருக்கு," என்றான் சிமியோன்.

முதல் ஸ்கிரிப்ட் எங்கள் மூன்று பேருக்கும் பெயர் சொல்லி வணக்கம் வைத்தது. அடுத்தது நிவாரண அரிசி மூட்டைகளைக் கூட்டிச் சொன்னது, பிழையாக. சிமியோனுக்கு அந்தப் பிழை விடைதான் பிடித்திருந்தது. அதன்படி எங்களிடம் இருந்ததைவிட நிறைய மூட்டைகள் இருந்தன.

பிறகு இரத்த வேலை வந்தது. குண்டு விழுகிற நாளில் பெரியாஸ்பத்திரியில் இரத்தம் தேவைப்படும். காயப்பட்டவரின் சொந்தக்காரர்தான் ஆள் தேடி ஓட வேண்டும். ஆகவே எங்கள் கரையோரப் பங்குகளில் மருத்துவ மாணவர்களைக் கொண்டு விரல் குத்திப் பார்த்து, இரத்தம் தரச் சம்மதித்தவர்களின் விவரத்தைத் துண்டுத் தாள்களில் எழுதி வாங்கினோம். மேல்பாதியில் பெயரும் தகப்பன் பெயரும். கீழ்ப்பாதியில் ஒழுங்கையும் இரத்த வகையும். நான் எல்லாவற்றையும் மெசினில் தட்டினேன். ஒரு பங்குக்கு ஒரு கோவை. எல்லாக் கோவையும் ஒரே ஒரு பிளொப்பித் தட்டில். வேறு தட்டு வாங்க வழியில்லை. கொழும்பிலிருந்து வருகிற பாதையில் இராணுவம் பற்றரிகூட விடாது. அந்தத் தட்டும் ஏறக்குறைய நிரம்பிவிட்டது.

தட்டி முடிந்த தாள்களை என்ன செய்வது என்று ஒருவரும் யோசித்து முடிவெடுக்கவில்லை. யாழ்ப்பாணத்தில் அப்போது ஒரு பக்கம் வெறுமையான தாள் ஒரு பொருள். பள்ளிக்கூடத்துக்குக் கொஞ்சம் போயிற்று. மிச்சத்தைக் கோயிலடியில் கச்சான் கடலை விற்கிற செபஸ்தியம்மா சுருள் செய்ய வாங்கிக்கொண்டு போனா. பதிலுக்கு எங்களுக்கு ஒரு கடகம் நிறையக் கச்சான். மெசினுக்குள் எல்லாம் இருக்கிறதே என்று நாங்கள் கச்சானைத் தின்றோம்.

ஒழுங்கைகள் வரிசையில் இருக்க வேண்டும் என்பது என் கணவரின் எண்ணம். ஆள் தேடிப் போகிறவன் சைக்கிளில் போவான். பெயர்கள் மாறிக் கிடந்தால் பாசையூரின் ஒரு முனையிலிருந்து மறு முனைக்கு ஓடி, திரும்பவும் முதல் முனைக்கு வருவான். அதற்குள் ஆஸ்பத்திரியில் கிடக்கிறவர் போய்விடுவார். அதனால் கோவைகளை முதலில் அடுக்கி, பிறகு கேட்ட வகையை மட்டும் எடுத்துக் காட்டுகிற ஒரு ஸ்கிரிப்டை எழுதினார். அதன் பெயர் ரத்தம். எங்கள் மூன்று பேரில் ஒருவரும் இல்லாத நாளிலும், யாராவது வந்து அந்த ஒரு சொல்லையும் இரத்த வகையையும் தட்டினால் போதும். அது இப்படித்தான் இருந்தது:

for f in *
do
sort $f > $f
done
sync
grep $1 *

இங்கே உள்ள ஒவ்வொரு கோவையையும் எடு. அடுக்கு. அடுக்கியதை அதே பெயரில் எழுது. எல்லாம் முடிந்ததும், மெசினின் நினைவில் கிடப்பதைத் தட்டில் இறக்கி வை. பிறகு கேட்ட வகை இருக்கிற வரிகளைக் காட்டு. ஆறு வரிதான்.

இறக்கி வை என்கிற வரியை எங்கள் ஸ்கிரிப்ட் எல்லாவற்றிலும் அவர் போடுவார். எஞ்சின் எந்த நேரமும் இருமி நின்றுவிடும், செய்த வேலை அதோடு போய்விடும் என்ற பயம். அதே பெயரில் எழுதியதற்கும் எங்கள் சீவியமே காரணம். வடித்த மண்ணெண்ணெயை அதே போத்தலுக்குள் ஊற்றினோம். பழைய சேட்டைப் பிரித்து அதே துணியில் றோஸுக்குச் சட்டை தைத்தேன். இடம் இல்லாத தட்டில் இன்னொரு பெயருக்கு இடம் கேட்க எங்களுக்கு மனம் வராது.

ஸ்கிரிப்டைத் தட்டி முடித்த அன்று, ஓட்டிப் பார்க்கும் முன்னரே எண்ணெய் தீர்ந்துவிட்டது. அதனால்தான் அந்தக் காலையில் சிலேட்டு.

குண்டு போடுகிற பொம்பர் வந்தபோது நான் வீட்டில் மீன் வெட்டிக்கொண்டிருந்தேன். முற்றத்தில் வெட்டிய பங்கர்க் குழிக்குள் போகவும் நேரம் இல்லை. இரண்டு சத்தம். இரண்டாவது கிட்ட. புகை கடற்கரை வீதிப் பக்கமிருந்து எழும்பியது. அவர் திரும்பி வருகிற வீதி.

சிமியோன் வந்து படலையில் நின்றான். அவன் சேட்டில் இருந்த இரத்தம் அவனுடையது இல்லை.

"அக்கா, அண்ணையைப் பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோயிட்டாங்கள். உயிர் இருக்கு. துடையிலை காயம். கதைக்கிறார். வாங்கோ."

பெரியாஸ்பத்திரி விறாந்தை முழுக்க ஆட்கள் கிடந்தார்கள். அவர் ஒரு பாயில், கால் முழுக்கச் சீலை சுற்றியபடி கிடந்தார். முகம் சிலேட்டுத் துடைத்த துணியின் நிறம். என்னைக் கண்டதும் முதலில் கேட்டது, "கான் உடையேல்லையே?"

"இல்லை அண்ணை, என்னட்டைக் கிடக்கு. ஒரு துளி சிந்தேல்லை," என்றான் சிமியோன்.

நேர்ஸ் மிஸி என்னைத் தள்ளிக்கொண்டுபோய்ச் சொன்னா. "துடை நரம்பு அறுந்திருக்கு. ஒப்பரேசன் தியேட்டருக்கு எடுக்க முந்தி ரத்தம் ஏத்த வேணும். ஓ நெகட்டிவ். இருந்தது முழுக்கக் காலமையே முடிஞ்சுது. வேறை எந்த ரத்தமும் இவருக்கு ஏத்த ஏலாது. ஆரையும் பிடிச்சுக்கொண்டு வாங்கோ. கெதியா."

நான் ஏ பொசிட்டிவ். சிமியோன் பி. எங்கள் சனத்தில் ஓ நெகட்டிவ் அரிது. ஆனால் எனக்கு ஒரு கணம் பயம் விட்டுப்போயிற்று. யார் யார் என்று எங்களிடம் இருந்தது. அதற்காகத்தானே அத்தனை நாள் விரல் தேயத் தட்டினேன்.

அவரிடம் குனிந்து சொன்னேன். "மெசினைக் கேட்டுக்கொண்டு வாறம்."

"ரத்தம் எண்டு தட்டும்," என்றார். "பிறகு இடைவெளி விட்டு வகை. வேறை ஒண்டும் செய்யத் தேவையில்லை. எல்லாம் அதிலை இருக்கு."

அவர் கொண்டுவந்த மண்ணெண்ணெயைத்தான் எஞ்சினுக்குள் ஊற்றினோம். அவசரத்தில் சிமியோன் பெற்றோலை வெளியே சிந்தினான். மூன்றாம் இழுவையில் எஞ்சின் பிடித்தது. நான் விரிப்பை இழுத்து எறிந்துவிட்டு இருந்தேன். தட்டைப் போட்டேன். திரையில் எழுத்து வரும்வரை எனக்குத் தெரிந்த செபம் எல்லாவற்றையும் தொடங்கி, ஒன்றையும் முடிக்கவில்லை.

ரத்தம், இடைவெளி, ஓ நெகட்டிவ். தட்டினேன்.

பிளொப்பி கரகரவென்று சத்தம் போட்டது. வேலை நடக்கிற சத்தம். சிமியோன் பென்சிலும் ஒரு சிகரெட் பெட்டி மட்டையும் வைத்துக்கொண்டு என் தோளுக்குப் பின்னால் நின்றான். சத்தம் நின்றது. திரையில் அடுத்த கட்டளைக்குரிய அடையாளம் வந்து மினுங்கியது. இடையில் ஒன்றும் இல்லை.

"ஓ நெகட்டிவ் ஒருத்தரும் இல்லையோ?"

"இருந்தவை, சிமியோன். நான் தட்டினனான்."

ஓ பொசிட்டிவைக் கேட்டேன். பாதிச் சனம் அந்த வகை. ஒன்றும் வரவில்லை. ஏ. பி. ஒன்றும் வரவில்லை. கோவைகளின் பெயரையும் அளவையும் காட்டச் சொன்னேன். குருநகர், பாசையூர், நாவாந்துறை, கொழும்புத்துறை, எல்லாப் பெயரும் நான் வைத்தபடியே வரிசையாக வந்தன. ஒவ்வொன்றுக்கும் நேரே அளவு என்கிற இடத்தில் பூச்சியம். பூச்சியம். பூச்சியம்.

"தட்டு பழுதாப்போச்சோ?" என்றான் சிமியோன்.

"பெயரெல்லாம் கிடக்கே."

"வெளியிலை எடுத்துப் போட்டுப் பாருங்கோ அக்கா. ஊதிப் போட்டுப் போடுங்கோ."

எடுத்தேன். ஊதினேன். போட்டேன். பூச்சியம். அந்த நேரம் எஞ்சின் இரண்டு தரம் இருமி, தானாக நின்றது. திரை இருண்டது. அந்த இருட்டுக் கண்ணாடியில் என் முகமும் சிமியோனின் முகமும் தெரிந்தன. அவன் பகிடிக்காரன். அவனுக்கு அழத் தெரியாது. மேசைக் காலை உதைத்தான்.

நான் பெயர்களை நினைவுபடுத்தப் பார்த்தேன். அத்தனையும் என் விரலால் போனவை. ஆனால் தட்டெழுத்துக்காரி பெயரை வாசிப்பதில்லை, எழுத்தைத்தான் வாசிப்பாள். கண்ணால் வாங்கி விரலால் கொடுத்துவிட்டேன். எனக்குள் ஒன்றும் தங்கவில்லை.

"தாளுகள்," என்றேன். "செபஸ்தியக்கா."

கோயிலடி வெறிச்சோடிக் கிடந்தது. பொம்பர் வந்து போன பிறகும் செபஸ்தியம்மா மட்டும் வாகை மரத்தின் கீழ் சாக்கு விரித்து இருந்தா. சுளகில் கச்சான், பக்கத்துக் கடகத்தில் செய்து அடுக்கிய சுருள்கள்.

"சூசைக்கு எண்டு சொல்லுறாங்கள், உண்மையே பிள்ளை?"

"ஓம் அக்கா. ரத்தம் வேணும். நாங்கள் தந்த தாளிலைதான் ஆக்களின்ரை பேர் இருக்கு. எங்கை?"

"ஐயோ, அது முக்கால்வாசியும் முடிஞ்சுதே. சனம் திண்டுபோட்டு எறிஞ்சிருக்கும். இந்தா இவ்வளவுதான் மிச்சம்." சொல்லிக்கொண்டே ஒரு சுருளை எடுத்து, கச்சானைச் சாக்கில் கொட்டி, தாளை என்னிடம் நீட்டினா. "விரியுங்கோ. கொட்டுங்கோ. கச்சான் கிடக்கட்டும்."

மூன்று பேரும் குந்தியிருந்து விரித்தோம். செபஸ்தியம்மாவுக்கு வாசிக்கத் தெரியாது. ஓ என்கிற வட்டத்துக்குப் பக்கத்தில் ஒரு கோடு மட்டும் இருந்தால் காட்டச் சொன்னேன். ஒவ்வொரு தாளையும் கண்ணுக்குக் கிட்டப் பிடித்து, "இது சிலுவை. இதுவும் சிலுவை," என்று சொல்லிச் சொல்லி வைத்தா. சிலுவை என்றது கூட்டல் அடையாளத்தை.

பாதித் தாள்தான் ஒரு சுருள். சின்னச் சுருளுக்கு முழுத் தாள் வீண் என்று நடுவால் வெட்டியிருந்தா. என் கையில் வந்தவை பலவும் மேல்பாதி. பெயர் இருந்தது, வகை இல்லை. கீழ்ப்பாதி வந்தால் வகை இருந்தது, பெயர் இல்லை. எண்ணெய் ஊறி எழுத்துப் பரவியிருந்தது. கடகத்தின் அடி தெரியத் தொடங்கியது.

"இதிலை சிலுவை இல்லை," என்றா செபஸ்தியம்மா.

கீழ்ப்பாதி. பாசையூர், சவுக்குமர ஒழுங்கை. ஓ நெகட்டிவ். பெயர் இல்லை.

"ஒழுங்கை காணும்," என்றான் சிமியோன். "ஏறுங்கோ அக்கா."

அவன் மிதிக்க நான் கரியரில் இருந்து, அந்தத் துண்டைக் கைக்குள் பொத்திப் பிடித்துக்கொண்டு போனேன். காற்றுக்குக்கூடக் காட்டவில்லை. எதிர்காற்று. அவன் முதுகு நனைந்து என் நெற்றியில் ஒட்டியது. வழியில் ஒருவர் என்ன நடந்தது என்று கேட்டு மறித்தார். சிமியோன் சைக்கிளை அவரைச் சுற்றி ஒடித்துக்கொண்டு போனான்.

சவுக்குமர ஒழுங்கையில் சனம் அப்போதுதான் பங்கரிலிருந்து வெளியே வந்து, யார் யார் இருக்கிறார்கள் என்று பார்த்துக்கொண்டிருந்தது. நான் இறங்கித் துண்டைக் காட்டினேன்.

"இந்த ஒழுங்கையிலை ஓ நெகட்டிவ் ஆர்? என்ரை மனுசன் ஆஸ்பத்திரியிலை."

ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். விரல் குத்திப் பார்த்து நெடுநாள். வகையை ஞாபகம் வைத்திருப்பதற்குத்தானே நாங்கள் எழுதிக்கொண்டு போனோம்.

"எனக்கு ஓ எண்டுதான் சொன்னவை. மற்றச் சொல்லு மறந்துபோனன்," என்றார் ஒருவர்.

"உனக்கு பி எல்லே. நான்தான் ஓ," என்றாள் அவர் மனைவி.

"நீ எப்ப குத்தினனீ? ஊசியைக் கண்டு ஓடினனீ."

வலையைத் தோளில் போட்டபடி நின்ற ஒரு மெலிந்த இளைஞன், அடைக்கலநாதன் என்று பெயர், பின்னால் இருந்து சொன்னான். "எனக்கு ஏதோ அருமையான ரத்தம் எண்டு சொன்னவை. கலியாணத்துக்கு உதவுமோ எண்டு கேட்டனான், சிரிச்சவை. அது என்னெண்டு தெரியாது."

"தெரியாட்டில் என்ன," என்றாள் ஊசியைக் கண்டு ஓடியதாகச் சொல்லப்பட்டவள். "எல்லாரும் போவம். அங்கை குத்திப் பாக்கட்டும். சைக்கிளை எடு."

ஏழெட்டுச் சைக்கிள்கள் அந்த ஒழுங்கையிலிருந்து புறப்பட்டன. சிலவற்றில் இரண்டு பேர். அடைக்கலநாதன் வலையை வேலியில் போட்டுவிட்டு, மேல்சட்டை இல்லாமலே முன்னால் மிதித்தான். என் கணவர் வரிசையாக்கிக் காட்ட நினைத்தது இந்த ஓட்டத்தைத்தான்.

ஆஸ்பத்திரியில் சனத்தை வரிசையில் நிறுத்திக் குத்தினார்கள். நான் விறாந்தைக்கு ஓடினேன். அவர் கிடந்த பாயில் வேறு ஒரு ஆள் கிடந்தார். தியேட்டருக்குத்தான் கொண்டுபோய்விட்டார்கள் என்று ஒரு நொடி எனக்கு எவ்வளவு சந்தோசம். மிஸி என் கையைப் பிடித்து வேறு பக்கம் கூட்டிக்கொண்டு போனா. சுவரோரம் வெள்ளைத் துணியால் மூடியிருந்தார்கள். துணி குட்டை. கால் வெளியே தெரிந்தது. காலையில் குசினிப் படியில் செருப்பைத் தேடிய கால்.

"நீங்கள் போய்க் கொஞ்சத்தாலை," என்றா மிஸி. "ஆரை எதிர்பாத்தாரோ, வாசலைப் பாத்தபடி."

அதற்குள் சிமியோன் ஓடி வந்தான். "அக்கா, வலைக்காரப் பெடியன்தான். ஓ நெகட்டிவ். எடுக்கிறாங்கள். அண்ணையை எங்கை..." என்றவன் துணியைக் கண்டான்.

மிஸி மெல்லக் கேட்டா. "அந்த ரத்தத்தை நிப்பாட்டச் சொல்லவோ? அதே வகையிலை ஒரு தாய் அடுத்த வாட்டிலை கிடக்கிறா. நீங்கள் கொண்டுவந்த ஆள். நீங்கள்தான் சொல்ல வேணும்."

நான் இரத்தம் எடுக்கிற அறைக்குப் போனேன். அடைக்கலநாதன் கட்டிலில் கையை நீட்டிக்கொண்டு கூரையைப் பார்த்தபடி கிடந்தான். ஊசியைப் பார்க்கப் பயம் போல. என் காலடிச் சத்தத்துக்குத் தலையைத் திருப்பினான்.

"அக்கா, அவருக்கு ஏறுதோ?"

"ஓம் தம்பி," என்றேன். "ஏறுது. கையை ஆட்டாதை."

அடுத்த வாட்டுத் தாய் பிழைத்தா என்று பிறகு சிமியோன் விசாரித்துச் சொன்னான். பாசையூர்ச் சனம் அடக்கத்துக்கு வந்தது. அடைக்கலநாதனும் வந்தான். அவனுக்கு யாரோ சொல்லியிருப்பார்கள். என்னிடம் அதைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. பெட்டியைத் தூக்க ஒரு தோள் கொடுத்தான்.

முப்பத்தோராம் நாள் பூசை முடிந்த பிறகுதான் நான் மறுபடி சங்கத்துக்குப் போனேன். அந்தத் தட்டுக்கு என்ன நடந்தது என்று தெரியாமல் என்னால் படுக்க முடியவில்லை. சிமியோன் கானில் மிச்சம் கிடந்த மண்ணெண்ணெயை வடித்து ஊற்றி எஞ்சினை இழுத்தான். மூன்று வரியில் ஒரு புதிய கோவை செய்தேன். அதே சோர்ட், அதே அம்புக்குறி, அதே பெயர். பூச்சியம். மூன்று வரியையும் மறுபடி தட்டி, இந்த முறை வேறு பெயருள்ள கோவைக்குள் எழுதச் சொன்னேன். மூன்று வரியும் வரிசையாக வந்தன.

"என்னக்கா வித்தியாசம்?" என்றான்.

எனக்கு உடனே விளங்கவில்லை. திரும்பத் திரும்பச் செய்தேன். எண்ணெய் முடிவதற்குக் கொஞ்சம் முன்னர் விளங்கியது. மனிதன் முதலில் சிலேட்டை வாசிப்பான், மனதில் வைப்பான், பிறகு அழிப்பான், பிறகு எழுதுவான். வேறு விதமாகச் செய்ய எங்கள் இரண்டு பேருக்கும் தோன்றவில்லை. ஷெல் அப்படி இல்லை. அம்புக்குறியைக் கண்டதும் எழுதுவதற்கு இடம் தயார் செய்கிறது. சிலேட்டைத் துடைத்து வைத்துவிட்டுத்தான் சோர்ட்டைக் கூப்பிடுகிறது. சோர்ட் வந்து பார்க்கும்போது அங்கே வாசிக்க ஒன்றும் இல்லை. இல்லாததை அது ஒழுங்காக அடுக்கி, இல்லாததையே எழுதுகிறது. அதற்குப் பிறகு எங்கள் கடைசிப் பயத்துக்காகப் போட்ட வரி, அந்த வெறுமையைத் தட்டில் பத்திரமாக இறக்கி வைத்தது. அந்த வரிக்கு முன்னர் எஞ்சின் நின்றிருந்தால் பழைய கோவைகள் தட்டில் அப்படியே கிடந்திருக்கும் என்பதையும் பிறகு படித்தேன். அந்த எஞ்சின் எத்தனையோ நாள் நேரம் கெட்ட நேரத்தில் நின்றது. அன்று அந்த வரி முடியும்வரை நின்று பிடித்தது.

சிமியோன் வெறும் கானைக் கவிழ்த்து வைத்தான். பிறகு, "அண்ணைக்கு இதைச் சொல்லியிருந்தால், மெசினுக்கு விசர் பிடிச்சிட்டுது எண்டிருப்பார்," என்றான். அவர் போன பிறகு நான் முதலில் சிரித்தது அதற்குத்தான். சிரித்தபடியே அழுதேன்.

நாங்கள் மறுபடி விரல் குத்தினோம். மறுபடி தட்டினேன். இந்த முறை தாள்களைக் கட்டி வைத்தோம். தொண்ணூற்றைந்தில் வலிகாமச் சனம் முழுக்க ஒரே இரவில் எழும்பித் தென்மராட்சிக்கு நடந்தபோது அந்தக் கட்டு, மெசின், எஞ்சின் எல்லாம் குருநகரிலேயே கிடந்தன. திரும்பி வந்தபோது அவற்றில் ஒன்றும் இருக்கவில்லை. சிமியோன் சாவகச்சேரியில் தங்கி, அங்கேயே கலியாணம் முடித்துச் சைக்கிள் கடை போட்டான்.

றோஸ் இப்போது கொம்பியூட்டர் படித்து அதிலேயே வேலை செய்கிறாள். தகப்பன் எழுதிய ஆறு வரியைப் பற்றி அவளுக்கு நான் சொன்னதில்லை. போன மாதம் லீவில் வந்து நின்றபோது அவளுடைய மடிக்கணினியைக் கொஞ்சம் தரச் சொல்லிக் கேட்டேன். "அம்மாவுக்கு இது விளங்குமோ?" என்று கேட்டபடி கறுப்புத் திரையைத் திறந்து வைத்துவிட்டு, குளிக்கப் போனாள்.

ஒரு கோவை செய்து மூன்று வரி தட்டினேன். சவுக்குமர ஒழுங்கை ஒன்று. மற்ற இரண்டும் வாய்க்கு வந்தவை. சோர்ட், கோவையின் பெயர், அம்புக்குறி, அதே பெயர். இந்த மெசினில் இரைச்சல் இல்லை, கரகரப்பு இல்லை, எண்ணெய் மணமும் இல்லை. கண் மூடித் திறக்குமுன் வேலை முடிந்துவிட்டது.

அளவைக் காட்டச் சொன்னேன். பெயர் வந்தது. அதற்கு நேரே பூச்சியம்.